சூதில் தேடுவது பொருளா, இன்பமா?

சின்னக்கானல் ஏலக்காட்டு வேலை முடிந்து லாட்டரிச் சீட்டு எடுக்கும் நம்மவரைக் கேளுங்கள். "சும்மா ஒரு ஆசைக்கு" என்பார் ஒருவர். "விழுந்தா கடன் தீரும்" என்பார் இன்னொருவர். தமிழ்நாடு லாட்டரியை 2003இல் தடை செய்தது. கேரளத்திலோ 1967 முதல் அரசே நடத்துகிறது. 1968 ஜனவரி 26இல் நடந்த முதல் குலுக்கலில் சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000.

பொருளா, இன்பமா என்ற வழக்கைத் திருக்குறளின் 94ஆம் அதிகாரம் தீர்க்கிறது. அதன் முதற்குறள், சூதில் வென்ற பொருளை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது. அதோடு நிறுத்தினால் பொருளாசைதான் காரணம் என்று தோன்றும். கடைசிக் குறளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். துன்பப்படப் பட உயிருக்கு உடம்பின்மேல் ஆசை கூடுவதற்கு, இழக்க இழக்கச் சூதின்மேல் வளரும் காதலையே வள்ளுவர் உவமை ஆக்கினார்.

பொருளே குறி என்றால் நட்டத்தைப் பார்த்ததும் விட்டிருப்பான். நட்டம் வரவரக் கடையை விரிக்கிற வியாபாரி உண்டா? விளையாட்டே குறி என்றால் மனம் நொந்ததும் எழுந்திருப்பான். ஆக, பொருள் இரை, விளையாட்டு சாக்கு. விடாமல் பிடிப்பது விட்டதை மீட்கும் வெறி. ஏழு வியசனங்களில் சமண நூலோர் சூதை முதலில் வைத்தது பொருத்தமே.

வாரக்கூலியில் சீட்டு எடுப்பவர், "இது ஆசைக்கா, போன வாரம் போனதற்கா?" என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.