குடுவையின் கழுத்தை நம்பியவர்கள்: நீலக் கறைப் பூஞ்சைகளும் அவற்றின் பெயர்களும்

பைன் பலகையில் நீலச் சாம்பல் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். மரம் மக்கிப்போச்சு என்று நினைப்போம். மக்கவில்லை. இந்தப் பூஞ்சை மரத்தின் உயிரணுக்களில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும்தான் தின்கிறது. மரத்தைத் தாங்கும் நார்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதன் இழைகளின் நிறம்கூடப் பழுப்புதான், மரத்துக்குள் ஒளி சிதறுவதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது.

சரி, இதற்கு என்ன பெயர் என்று தேடப் போனேன். அங்கேதான் சிக்கல். ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் மூன்ஷ் 1907-ல் ஒன்றுக்கு செரடோஸ்டோமெல்லா பிசியே என்று பெயர் வைத்தார். 1919-ல் அது ஆஃபியோஸ்டோமா பிசியே ஆனது. 1950-ல் நம்மூர் வனநோய் ஆய்வாளர் பக்‌ஷி, பிரிட்டனில் செய்த ஆய்வில், அதை செரடோசிஸ்டிஸுக்கு மாற்றினார். இப்போது மறுபடியும் ஆஃபியோஸ்டோமா. போதாததற்கு அதன் பாலிலாப் பருவத்துக்கு பெசோட்டம் பிசியே என்று தனிப் பெயர் வேறு. ஒரு வேரியபிளை இத்தனை முறை ரீநேம் செய்தால் கோட் ரிவ்யூவில் என்னை விடமாட்டார்கள்.

பெயர் மாறுவது என் புகார் இல்லை. எதை நம்பி மாற்றினார்கள் என்பதுதான்.

இந்தப் பூஞ்சைகளின் கனியுடல் நீண்ட கழுத்துள்ள ஒரு குட்டிக் குடுவை. கழுத்தின் நுனியில் வித்துகள் பிசுபிசுப்பான துளியாக நிற்கும். வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். இந்தக் குடுவை பாலினப் பருவத்தைச் சேர்ந்தது. அன்றைய பெயரிடல் விதிப்படி பாலினப் பருவத்தின் பெயருக்கே முன்னுரிமை. ஆகவே குடுவை ஒத்திருந்தால் ஒரே பேரினம் என்ற முடிவுக்குப் போவது சுலபமாக இருந்தது.

ஆனால் அதே 1907-ல் மூன்ஷ் இன்னொரு நீலக் கறைப் பூஞ்சைக்கு எண்டோகோனிடியோஃபோரா என்று தனிப் பேரினமே வைத்திருந்தார். காரணம், அதன் பாலிலா வித்துகள் குழாய் போன்ற செல்லுக்குள் உருவாகி வரிசையாக வெளியே வருகின்றன. ஆஃபியோஸ்டோமா கூட்டத்தில் அப்படி இல்லை. இந்த வித்தியாசம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும், பின்னால் வந்தவர்கள் இரண்டையும் செரடோசிஸ்டிஸ் என்ற ஒரே கூடையில் போட்டார்கள்.

1981-ல் வந்த உபாத்யாயின் செரடோசிஸ்டிஸ் மோனோகிராஃப் இந்தப் போக்கின் உச்சம். ஒவ்வொரு சிற்றினத்தையும் பொறுமையாக விவரித்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வகைப்பாடாகப் பார்த்தால் அது தோற்ற புத்தகம். ஆஃபியோஸ்டோமா கூட்டத்தின் செல்சுவரில் செல்லுலோஸும் ராம்னோஸும் இருப்பது 1970-களிலேயே பேசப்பட்டது. புத்தகம் வந்த அதே 1981-ல் ஹாரிங்டன் காட்டியது இன்னும் எளிய சோதனை: சைக்ளோஹெக்சிமைடு கலந்த ஊடகத்தில் ஆஃபியோஸ்டோமா வகைகள் வளரும், அசல் செரடோசிஸ்டிஸ் வகைகள் வளராது. 1990-களில் டிஎன்ஏ ஆய்வுகள் தீர்ப்பைச் சொல்லிவிட்டன: இரண்டும் வேறு வேறு வரிசைகள், நெருங்கிய உறவே இல்லை. வண்டில் ஒட்டிப் பயணம் செய்யும் ஒரே பிழைப்பு, தனித்தனியே ஒரே மாதிரிக் குடுவையை உருவாக்கியிருக்கிறது. மென்பொருள்காரர்கள் இதை டக் டைப்பிங் பிழை என்று புரிந்துகொள்ளலாம்.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். மற்ற பூஞ்சைகள் தொல்லை தராமலிருக்க இதே சைக்ளோஹெக்சிமைடை ஊடகத்தில் கலந்துதான் பல ஆய்வகங்களில் நீலக் கறைப் பூஞ்சைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். எல்லாமே செரடோசிஸ்டிஸ்தான் என்று நம்பி ஒருவர் அப்படிச் செய்தால், பாதிக் கூட்டம் தட்டில் முளைக்கவே முளைக்காது. மரத்தில் அது இல்லை என்று அறிக்கை எழுதிவிடுவார்.

2011 மெல்போர்ன் மாநாடு ஒரு பூஞ்சைக்கு இரட்டைப் பெயர் வழக்கத்தை முடித்துவைத்தது, பாலிலாப் பருவமும் சம மரியாதை பெற்றது. 2014-ல் எண்டோகோனிடியோஃபோராவும் தனிப் பேரினமாகத் திரும்பி வந்தது. மூன்ஷ் எழுதி 107 வருஷம் கழித்து!

நீங்களும் தேடுவதாக இருந்தால் ஒரு யோசனை: புதுப் பெயரோடு நிறுத்தாதீர்கள். 1950-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை செரடோசிஸ்டிஸ் என்ற பழைய பெயரின் கீழ்தான் கிடக்கின்றன.