உண்டா என்று கேட்கும் டெஸ்ட்

எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியின் இஃப் கட்டளைக்கு எல்ஸ் கிடையாது. ஜேம்ஸ் கிளார்க் பதிப்பாசிரியராக இருந்து, 1999 நவம்பர் 16 அன்று டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்த 1.0 பதிப்பிலேயே அது இல்லை. ‘இல்லாவிட்டால்’ என்று சொல்ல வேண்டுமானால் சூஸ், வென், அதர்வைஸ் என்ற வேறொரு கட்டமைப்புக்குப் போக வேண்டும். பிற நிரல்மொழிகளிலிருந்து வருகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கோ இந்த மொழியின் அழகு இங்கேதான் தொடங்குகிறது. இது எழுதப்பட்டது ஆவணங்களுக்காக. துணைத்தலைப்பு இருந்தால் அச்சிடு, இல்லையென்றால் பேசாமல் மேலே போ: ஆவணத்துக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் தேவை.

குறுந்தொகையை எக்ஸ்எம்எல்லாக அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பாடல் என்ற எலிமென்டுக்குள் திணை, கூற்று, அடிகள், புலவர். எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்து செல்லும் என்பதால் இவற்றைத் தமிழிலேயே எழுதலாம். அந்தத் தொகையில் பாடியவர் பெயர் தெரியாத பாடல்களும் உண்டு. அங்கே புலவர் எலிமென்டே இராது. பாடலுக்குள் நின்றுகொண்டு, இருக்கிற புலவர் எலிமென்டை $புலவர் என்ற மாறியில் எடுத்துக்கொண்டு, இஃப் கட்டளையின் டெஸ்ட் என்ற பண்புக்கூற்றில் $புலவர் என்று மட்டும் எழுதினால் போதும். ஒப்பீடு வேண்டாம், நீளம் பார்க்க வேண்டாம். நோடு ஒன்றாவது இருந்தால் மெய். ஒன்றும் இல்லையென்றால் பொய்.

மற்ற வகைகளையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது இந்த மொழி. சரத்தில் ஓர் எழுத்தாவது இருந்தால் மெய். எண் என்றால் சுழியும், எண்ணே அல்லாத நேன் என்ற மதிப்பும் பொய், மற்றதெல்லாம் மெய். ஆகவே மேற்கோளுக்குள் இட்ட '0' மெய். அது ஓரெழுத்துச் சரம். 'ஃபால்ஸ்' என்ற சரமும் அதே காரணத்தால் மெய். மேற்கோளை எடுத்துவிட்டு, அடைப்புக்குறியும் இல்லாமல் ஃபால்ஸ் என்று எழுதினால் விடை பொய்யென்று வரும். சரியாகத்தானே வந்தது என்று தோன்றும். உண்மையில் அங்கே நடந்தது தேடல்: ஃபால்ஸ் என்ற பெயரில் உள்ளே ஏதாவது எலிமென்ட் உண்டா என்று பார்த்தது, கிடைக்கவில்லை. அதே இடத்தில் ட்ரூ என்று எழுதிப் பாருங்கள், அதுவும் பொய்தான். வெறும் பெயர் என்றால் ஆவணத்தில் இருக்கும் ஒன்றின் பெயர் என்றே இந்த மொழி எடுத்துக்கொள்ளும். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தமானது.

நான் மிகவும் ரசிப்பது ஒப்பீட்டை. நூல் முழுவதிலுமுள்ள புலவர் எலிமென்ட்களை $எல்லாரும் என்ற மாறியில் திரட்டிக்கொள்வோம். $எல்லாரும் = 'கபிலர்' என்று கேட்டால் மெய். கபிலர் அந்தத் தொகையில் இருக்கிறார். $எல்லாரும் != 'கபிலர்' என்று கேட்டால் அதுவும் மெய். பரணர் இருக்கிறார், ஔவையார் இருக்கிறார். சமம் என்பதும் சமமில்லை என்பதும் ஒரே மூச்சில் மெய்யாகின்றன! முதலில் அதிர்ச்சியாக இருக்கும். பிறகு புரியும்: இரண்டு குறிகளும் ‘இப்படி ஒருவராவது உண்டா’ என்றுதான் கேட்கின்றன.

இப்போது பெயர் தெரியாத ஒரு பாடலுக்கு வருவோம். அங்கே $புலவர் வெறுமை. $புலவர் = 'கபிலர்' பொய். $புலவர் != 'கபிலர்' என்பதும் பொய்; கபிலர் அல்லாதவர் என்று காட்டவும் அங்கே ஆள் இல்லையே. ஆனால் நாட்($புலவர் = 'கபிலர்') என்று வெளியிலிருந்து மறுத்தால் மெய். கபிலர் பாடாத பாடல்களைப் பட்டியலிடச் சொன்னால், முதல் வகை மறுப்பு பெயர் தெரியாத பாடல்களை ஓசையில்லாமல் விட்டுவிடும். இரண்டாவது வகை சேர்த்துக்கொள்ளும். வேறொருவர் பாடியதாகத் தெரியும் பாடல் ஒன்று, கபிலர் பாடியதாகத் தெரியாத பாடல் இன்னொன்று. பதிப்பாசிரியர் ஒருவர் பக்கம் பக்கமாகக் கவலைப்படக்கூடிய வேறுபாடு இது. மறுப்புக் குறி எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டே இந்த மொழி அதைச் சொல்லிவிடுகிறது.

மாறிக்கு மதிப்பைத் தருவதில் இரண்டு வழிகள். செலக்ட் பண்புக்கூற்றில் எழுதினால் எழுதியது அப்படியே வரும்: எண் எண்ணாக, நோடு நோடாக. தொடக்க ஒட்டுக்கும் முடிவு ஒட்டுக்கும் நடுவே எழுதினால் 1.0 பதிப்பு அதைச் சிறு மரமாக்கி வைத்துக்கொள்கிறது. அந்த மரத்துக்கு எப்போதும் ஒரு வேர் உண்டு. எனவே உள்ளே இஃப் ஒன்றை எழுதி, அது எதையுமே வெளியிடாமல் போனாலும், அந்த மாறியை டெஸ்டில் வைத்தால் மெய். காலியாக வந்த தபால் உறையும் உறைதானே. ஆனால் நடுவே எதையுமே எழுதாமல், செலக்டும் இல்லாமல் விட்டால் மாறிக்குக் கிடைப்பது வெற்றுச் சரம், அது பொய். எழுத முயன்று ஒன்றும் வராததற்கும், எழுதவே எண்ணாததற்கும் இடையில் இப்படி ஒரு கோடு.

நடுவே எழுதியது மரமாகிவிடுவதைப் பரிந்துரை ஆவணமே ஒரு குட்டி எடுத்துக்காட்டால் விளக்குகிறது. ஒட்டுகளுக்கு நடுவே 2 என்று எழுதிய மாறியைச் சதுர அடைப்பில் வைத்து இரண்டாவது உருப்படியைக் கேட்டால், கிடைப்பது முதல் உருப்படியின் மதிப்பு. அடைப்பில் இருப்பது எண்ணன்று, மரம். மரம் எப்போதும் மெய். ஆக எல்லா உருப்படிகளும் தேறிவிடுகின்றன, மதிப்பு அவற்றில் முதலாவதினுடையது. செலக்டில் 2 என்று எழுதலாம் என்று சொல்லிவிட்டு ஆவணம் நகர்ந்துவிடுகிறது. 2007 ஜனவரி 23 அன்று மைக்கேல் கே பதிப்பித்து வந்த 2.0, ஆஸ் என்ற பண்புக்கூற்றைத் தந்தது. உள்ளே வருவது எலிமென்ட்கள் மட்டுமே என்று அதில் அறிவித்துவிட்டால் மரத்தின் வேர் உருவாகாது. ஒன்றும் வராதபோது டெஸ்ட் பொய்யாகிவிடும். அறிவிக்காவிட்டால் பழைய வழக்கமே.

இவ்வளவும் அறிந்த கைகள் எப்படி எழுதும் என்று பார்க்க, நார்மன் வால்ஷ் தொடங்கிய டாக்புக் ஸ்டைல்ஷீட்களைத் திறக்கலாம். பிரிவுகளுக்கு எண் இட வேண்டுமா என்பது போன்ற அமைப்புகள் அங்கே 0, 1 என்றே இருக்கும். டெஸ்டில் அவற்றை வெறுமனே விடாமல் != 0 என்று ஒப்பிட்டிருப்பார்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கட்டளைவரிக் கருவி வழியாக அந்த 0 சரமாக வந்து சேரலாம். தனக்கென அமைத்துக்கொள்ளும் ஒருவர் அதை ஒட்டுகளுக்கு நடுவே எழுதி மரமாக்கியிருக்கலாம். செலக்டில் எழுதி எண்ணாகவே தந்திருக்கலாம். வெறுமனே சோதித்தால் முதல் இரண்டும் மெய், மூன்றாவது பொய். எண்ணோடு ஒப்பிடும்போது மற்றதும் எண்ணாக மாற வேண்டும் என்ற விதியால், != 0 என்று கேட்டால் மூன்றுக்கும் பொய் என்ற ஒரே விடை.