துடிப்பை அளக்கும் மை

இதயத்தையே அச்சடித்துவிட்டதாகச் செய்திகள் முழங்கும்போது, உண்மையில் வியக்க வேண்டிய பொருள் கண்ணில் படாமல் போகிறது. 2016-இல் ஹார்வர்டில் கிட் பார்க்கர், ஜெனிபர் லூயிஸ் குழுவினர் முப்பரிமாண அச்சில் எடுத்தது இதயத்தை அல்ல. இதயத் திசு குடியிருந்து துடிப்பதற்கான ஒரு சில்லை. ஆறு வகை மைகள், தொடர்ச்சியான ஒரே அச்சோட்டம். செல்களைப் பிறகுதான் விதைக்கிறார்கள். அச்சான இழைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களைப் பற்றிக்கொண்டு, சால் பிடித்து முளைத்த பயிர்போல அவை ஒரே திசையில் அணிவகுக்கின்றன. திசு சுருங்கினால் அதைத் தாங்கும் மெல்லிய நாக்கு வளைகிறது; அதற்குள் பதிந்திருக்கும் கரி கலந்த கம்பியின் மின்தடை மாறுகிறது. துடிப்பின் வலிமை அந்த மாற்றத்தில் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ரத்த ஓட்டமில்லாத, முதிராத செல்களாலான துண்டு முழு இதயத்துக்கு ஈடாகுமா என்று கேட்பது நியாயமே. ஈடாகாது. ஆனால் ஒரு மருந்து தசையின் வலிமையைக் குறைக்கிறதா என்ற கேள்விக்குத் தசைத்துண்டே பதில் சொல்லும். வெரபாமில் என்ற மருந்தைக் கொடுத்தபோது சொன்னது. முதிராமை என்ற குறையையும் இந்தக் கருவியே ஆராய்கிறது: மனித ஸ்டெம் செல் திசு நான்கு வாரங்களில் வலுப்பெறுவதை அது பதிவுசெய்தது. முன்பு இத்தகைய சில்லின் வடிவத்தை மாற்ற, தூசியற்ற ஆய்வறையில் பல படிகளைத் திரும்பச் செய்யவேண்டியிருந்தது. இப்போது கணினிக் கோப்பைத் திருத்தி, மறுபடி அச்சிட்டால் போதும்.