பிணிக்கும் கயிறு: ஒரு சொற்பொருள் நோக்கு

பண்டைத் தமிழரின் கடலோடும் திறம் பற்றி எழுதுவோர் நாவாயின் பெருமையையும் துறைமுகத்தின் செல்வத்தையும் விதந்தோதுவர். அக்கலத்தைக் கரையிற் கட்டியவன் யார் என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவார்க்குப் 'பிணித்தல்' என்னும் சொல் பெரிதும் துணைசெய்கிறது. இன்று பெருவழக்கிலுள்ள 'நங்கூரம்' பாரசீகத்தின் 'லங்கர்' என்பதோடு தொடர்புபடுத்தப்படுவது. சங்கச் செய்யுட்களிலோ கலத்தைக் கரையோடு பொருத்தும் வினை பிணித்தலே. கட்டு, தளை, நோய் ஆகிய மூன்றையும் 'பிணி' என்ற ஒரே சொல் குறிப்பது தனித்து ஆராயத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், வெள்ளுப்பை விற்று நெல்லைக் கொண்டுவந்த படகுகள் கட்டுத்தறிகளிற் பிணிக்கப்பட்டுள்ளன. அவை பந்தியில் நிற்கும் குதிரைகளுக்கு உவமிக்கப்படுகின்றன. அதே பாட்டில் புகார்த் துறையில் அசையும் பெருநாவாய்கள், கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளாகின்றன. மதுரைக்காஞ்சியில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே காற்றிற் கயிறறுந்து சுழியிற் சிக்கிய நாவாய், பாகரைக் கொன்று கந்தை விட்டுத் திரியும் மதயானைக்கு உவமையாகிறது. குதிரையும் யானையும் வேந்தனின் படை உறுப்புகள் என்பது வெளிப்படை. கடற்றுறையைப் பாடும்போதும் புலவனின் கண் அரண்மனைக் கொட்டிலை விட்டு அகலவில்லை. பட்டினப்பாலையில் 'பிணிக்கும்' என்பது 'படப்பை' என்ற இடப்பெயரைத் தழுவிய பெயரெச்சம். கட்டும் கை யாருடையது என்பதை அது சொல்லாமலே விட்டுவிடுகிறது. உப்பு விளைவித்தவனும் படகு தள்ளியவனும் அந்த இலக்கண அமைதிக்குள் மறைந்துபோகின்றனர்.

இதனைப் புலவனின் குறையென்று மட்டும் கொள்வது எளிமைப்படுத்தலாகும். நெருங்கி நிற்கும் படகுகளின் தோற்றத்தை அவ்வுவமை துல்லியமாகக் காட்டுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் வேறொரு வகையான பார்வையும் அக்காலத்திலேயே இயன்றது என்பதற்கு நற்றிணை 315ஆம் பாடல் சான்று. அம்மூவனார் பாடிய அச்செய்யுளில், அலை மோதி மூத்து, தொழில் போய், வாய் முரிந்த அம்பியொன்று ஞாழலும் புன்னையும் கலந்த நிழலில் மரத்தோடு பிணிக்கப்படுகிறது. இங்கே உவமை கொட்டிற் குதிரையன்று. நடை தளர்ந்தமையால் உழவர் புல்லுள்ள தோப்பில் தொழில்விடுத்த எருது! உழைப்பு விலங்கு ஒன்று உழைப்புக் கருவியொன்றுக்கு ஒப்பாகிறது. 'உழவர்' எனத் தொழில் செய்வோர் பெயரும் வெளிப்படுகிறது. அம்பிக்கு நறும்புகை காட்டாதவர்களைக் குறிக்கும் 'கொடாஅர்' என்னும் சொல்லின் பலர்பால் ஈறு, பிணிக்கும் கைகள் மனிதருடையவை என்பதை உறுதிப்படுத்துகிறது. உழைக்குங் காலம் முடிந்த கலத்துக்குப் புகை கூட இல்லை என்னும் கசப்பை உரைநயம் பேசுவோர் பெரும்பாலும் தொடாமற் செல்கின்றனர். பட்டினப்பாலையின் 301 அடிகளிலும் பயன் தீர்ந்த படகு ஒன்றுகூட இல்லை.

ஈழத்துச் சான்றொன்றையும் இங்கு நோக்கலாம். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையை நாடிவரும் கலங்கள் கெட்டால் என்ன செய்வதென விதிக்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கலமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. பாட்டில் உவமையாக நின்ற விலங்குகள் இங்கே சரக்காகவே கப்பலேறுகின்றன. பங்கு பெறுவோர் அரசும் உடையவனுமே. கயிறு பிடித்தவனுக்கு அந்தப் பங்கீட்டில் இடமில்லை.