போர் விதியும் ஆடுவோர் தேர்வும்

ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15. தன்னை அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் புலி இறங்கினால், அவ்வாடு வெட்டுப்பட்டது. ஆட்டிற்கோ வெட்டும் உரிமை அறவே இல்லை. புலிகளை நகரவொட்டாமல் அடைத்தலே அதன் வெற்றி. ஆகவே, ஆடு வைத்து ஆடுபவர் எத்துணைச் சினமுடையவராயினும் பொறுமையாளர் ஆகிறார். ஓர் ஆட்டை வைக்குமுன் அதன் பின்னிடம் காலியாக உள்ளதா என நோக்குகிறார். அடுத்த ஆட்டத்தில் அவரே புலியைக் கைக்கொண்டால் அப்பொறுமை எங்கோ மறைந்துவிடுகிறது. ஆள் ஒருவரே, விதி வேறு.

செராஸ் முதலிய கோலாலம்பூர் வட்டாரங்களில் இளைஞர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகி, பகடை உருட்டி ஆடும் கதையாட்டங்களையும் இந்நோக்கில் ஆராய்தல் தகும். அவை வெட்டுக்குத்தை வளர்ப்பன என்று கடிவோர் உளர். விதிநூலைப் புரட்டாமல் கூறும் கூற்று அது.

இவ்வகைக்கு முன்னோடியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தை 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் படைத்தளித்தனர். அதன் 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலைப் பதிப்பைக் காண்க. குகையினின்று மீட்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றிற்கும் ஒரு மதிப்பெண். 'காப்லின்' என்னும் குறும்பூதம் ஒன்றை வீழ்த்தினால் 5 மதிப்பெண்களே. தொடக்கநிலை மந்திரக்காரனின் உயிர்ப்புள்ளி பெரும்பாலும் 4க்கு மேற்படாது. ஒரே வெட்டில் மாண்டுபோகக் கூடும். 20 பூதங்களைக் கொன்று பெறுவதை 100 காசுள்ள ஒரு பேழையைத் தூக்கி வந்தே பெறலாம் என்றால், வாளை உருவுவார் யார்? ஒளிந்து செல்லுதல், பேசிப் பார்த்தல், ஓடிவிடுதல் ஆகியவற்றை எவரும் கற்பியாமலே ஆடுவோர் கற்றனர். வெட்சி மறவர்க்கும் ஆநிரையே குறியாயிருந்தது என்பது தமிழாசிரியர்க்கு இங்கே நினைவு வரும்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பொன்னுக்கு மதிப்பெண் இல்லை. எதிர்ப்படும் இடரை வெல்வதற்கே உண்டு. சூழ்ச்சியால் வெல்லுதலும் வெற்றியே என அந்நூல் கூறத்தான் கூறுகிறது. ஆயினும் அதில் செறிந்து விரிந்தவை போர் விதிகளே. பலகையில் ஒவ்வொரு கட்டமும் 5 அடி. பகைவன் பக்கலினின்று கவனமின்றி விலகுவோனை அப்பகைவன் கூடுதலாக ஒருமுறை வெட்டலாம். எனவே நின்ற இடத்தில் நின்று வெட்டுவதே மேல் எனப் பலர் முடிவு செய்தனர். முன்னைப் பதிப்பில், பகைவர் துணிவிழந்து ஓடுவரா என்பதை 2 பகடைகளால் அறியும் விதியொன்று இருந்தது, வேண்டுவோர் கைக்கொள்ளலாம். அதுவும் இதில் இடம்பெறவில்லை. பகைவனும் ஓடான், தானும் ஓடலாகாது என்றால், எஞ்சுவது கொலையே அன்றோ?

இனி, பழைய பதிப்பைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அதில் கொலை குறைந்தது மெய், கொள்ளை குறையவில்லை. உறங்கும் பூதத்தைக் கொல்லாது விட்டவன், அதன் தலைமாட்டுப் பேழையை விட்டுவந்தானில்லை.