மறக்க மறுக்கும் அணுக்களா?

குவாண்டம் இயற்பியல் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: சில அமைப்புகள் தங்கள் கடந்தகாலத்தை மறக்க மறுக்கின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த வாக்கியம் மூன்று இடங்களில் ஏமாற்றுகிறது.

முதலில் விஷயம். தண்ணீரில் விட்ட மைத்துளி பரவியபின், அதை எந்த மூலையில் விட்டோம் என்று சொல்ல முடியாது. அதுதான் வெப்பச் சமநிலை. 2015-இல் மியூனிக்கில் இம்மானுவேல் பிளாக் குழுவினர் பொட்டாசியம் அணுக்களை லேசர் ஒளியாலான குழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக உட்காரவைத்தார்கள். அணுக்கள் தாவித்தாவி எல்லாக் குழிகளும் சமமாகியிருக்க வேண்டும். குழிகளின் ஆழத்தைப் போதுமான அளவு ஏறுமாறாக்கியபோது அது நடக்கவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டிருந்தும், பழைய வரிசையின் சாயல் நீடித்தது.

இதன் வேர் பிலிப் ஆண்டர்சன் 1958-இல் எழுதிய கட்டுரை. ஒழுங்கற்ற அமைப்பில் சிதறும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, துகளை ஓரிடத்திலேயே அடைத்துவிடலாம் என்றார். தலைப்பில் அவர் சொன்னது ‘பரவல் இன்மை’ மட்டும்தான். நினைவு, மறதி என்ற பேச்சே அதில் இல்லை.

இப்போது ‘மறதி’க்கு வருவோம். வெளியுலகத் தொடர்பில்லாத குவாண்டம் அமைப்பு எதையுமே மறப்பதில்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் தொடக்கம் அப்படியே கிடைக்கும். சமநிலைக்குப் போகும் அமைப்பில் தகவல் அணுக்களுக்கிடையிலான உறவுகளில் சிதறிவிடுகிறது. ஒரு மூலையை மட்டும் பார்ப்பவருக்கு அது கிடைக்காது, அவ்வளவுதான். ஃபைல் அழியல, ஆயிரம் மெஷின்களில் துண்டுதுண்டாகக் கிடக்கு. அடைபட்ட அமைப்பிலோ அருகிலேயே படித்துவிடலாம். மறப்பது நாம்தான், பழியை அணுக்கள்மேல் போடுகிறோம்.

‘மறுக்கின்றன’ என்பதில் ஒரு சுபாவம் தொனிக்கிறது. 2017-இல் ஹார்வர்டில் மிகைல் லூக்கின் குழுவினர் 51 ருபிடியம் அணுக்களை வரிசையாக நிறுத்தினார்கள். அங்கே ஒழுங்கின்மையே கிடையாது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிளர்வூட்டித் தொடங்கியபோது, அமைப்பு எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பழைய நிலைக்குத் திரும்பித் திரும்பி வந்தது. வேறு பல நிலைகளில் தொடங்கினால் அதே அமைப்பு சீக்கிரமே சமநிலைக்குப் போய்விடும். அப்படியானால் சுபாவம் யாருடையது?

மூன்றாவது, அந்த வாக்கியத்தின் முடிந்த தொனி. சோதனைகள் பார்ப்பது குறைந்த நேரத்தை மட்டுமே. ஒழுங்கின்மை தற்செயலாகக் குறைந்த ஒரு சிறு பகுதி, அக்கம்பக்கத்தை மெல்லக் கரைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சமநிலைக்கு இழுத்துவிடலாம் என்று 2017-இலேயே வாதிட்டார்கள். அந்த விவாதம் ஓயவில்லை.

உவமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹார்வர்ட் நிகழ்வுக்கு 2018-இல் கோட்பாட்டாளர்கள் தந்த பெயர் ‘வடு’. 1984-இல் எரிக் ஹெல்லர், வேறொரு சிக்கலில், அலைச்சார்பின்மேல் பழைய பாதைகள் விட்ட தடத்துக்கு வைத்த பெயர் அது. வடுவுக்கு விருப்புவெறுப்பு இல்லை. எங்கே, எதனால் வந்தது என்று கேட்கவைக்கிறது. ‘மறுப்பு’ அந்தக் கேள்வியை எழவே விடுவதில்லை.