குடத்தடியில் நின்று படிக்கச் சில ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொல் ஒன்றின் பிறப்பை அகராதியில் தேடினால் லத்தீன், கிரேக்கம் என்று ஒரு வரி இருக்கும். படித்ததும் மறந்துபோகும். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் ருசி. தேர்தல் சொற்களை ருசிக்க உத்திரமேரூரைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது.

அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் கையை விட்டு எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பான். இது பிராமணச் சபைக்குள் நடந்த குலுக்கல்தான். இன்றைய வாக்குரிமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது ‘பேலட்’ என்று சொல்லிப் பாருங்கள். இத்தாலிய மொழியில் அது சிறு உருண்டை. வெனிஸ் நகரத்தார் 1268-இல் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க வகுத்த முறையிலும், கலசத்திலிருந்து உருண்டைகளை எடுத்துக் கொடுத்தது ஒரு சிறுவன்தான். இங்கிருந்து அங்கே போன வழக்கமல்ல. யாரும் விலைக்கு வாங்காத கை வேண்டும் என்று இரண்டு ஊருக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவே. ஓலை, உருண்டை எல்லாம் போய் இயந்திரப் பொத்தான் வந்த பிறகும் ஆங்கிலம் அந்த உருண்டையை விடவில்லை.

‘கேண்டிடேட்’ என்றால் வெள்ளை உடுத்தியவர். ரோமில் பதவி கேட்டு வருபவர் சுண்ணம் பூசி வெளுப்பேற்றிய அங்கியில் வருவார். நம் ஊர்த் தேர்தல் மேடைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒளிவுமறைவின்மையைக் குறிக்கும் ‘கேண்டிட்’ என்ற சொல்லும் அதே வெள்ளையிலிருந்து வந்ததுதான். இரண்டும் ஒரே ஆளிடம் எப்போது சேர்ந்திருந்தன என்று யோசிப்பது உங்கள் பாடு. அப்படி வெள்ளை உடுத்தி ரோமானியர்கள் ஆதரவு கேட்டுச் சுற்றி வந்ததிலிருந்து ‘ஆம்பிஷன்’ பிறந்தது. ‘வோட்’ லத்தீனில் நேர்ந்துகொள்வது, பிரார்த்தனை.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஏதென்ஸில் ஒருவரை ஊரைவிட்டு விலக்கப் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போட்டார்கள். ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது அந்த ஓடு. உடனே, ‘ஆகா, நம் ஓட்டு!’ என்று துள்ளத் தோன்றும். நாம் போடும் ஓட்டு, ‘வோட்’ நம் வாயில் தேய்ந்து வந்தது. பானை ஓட்டுக்கும் அதற்கும் உறவே இல்லை. ஆளைச் சேர்க்க இங்கே முழுக் குடம், நீக்க அங்கே உடைந்த ஓடு என்ற பொருத்தம் மட்டும் நிஜம். அதை ரசிக்கத் தடையில்லை.